எக்ஸ்சேஞ்ச் அக்காவின் பக்கத்து நாற்காலி

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல ஒரு அம்மாள் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தார். எங்களுடையது வயதானவர்கள் சேர்ந்து வாழும் இல்லம். மூன்று மாடி, மாடிக்கு ஒரு நீள வராந்தா, கீழே சமையற்கட்டு, அதை ஒட்டி வட்ட மேஜைகள் போட்ட சாப்பாட்டுக்கூடம். மேஜைக்கு நாலு பேர். எங்கள் மேஜையில் ஒரு நாற்காலி வெகுநாளாகக் காலியாக இருந்தது. அதில்தான் அவரை உட்காரவைத்தார்கள்.

மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். நான் தையல் வகுப்பு நடத்திப் பிழைத்தவள். அதனால்தான் என்னைக் கத்தரி என்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் வாய்தான் காரணம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு வலப்பக்கம் லாரிக்காரர், ஆயுசில் பாதியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். இடப்பக்கம் பல் டாக்டர். தன்னிடம் வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல வழியில்லாமல் கிடந்ததால், தான் சொல்வதை உலகமே ஒத்துக்கொள்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இன்றுவரை அது போகவில்லை.

புதிதாக வந்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று இல்லத்தின் மேலாளர் மேடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே குஷி. பேசியே சம்பளம் வாங்கிய மனுஷி வருகிறார், இனி சாப்பாட்டு நேரம் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எந்த ஊருக்கெல்லாம் லைன் குடுத்திருக்கீங்க அக்கா?"

"ம்."

"பசங்க எத்தனை பேரு?"

"ஒரே பையன்."

"உங்க கூட யார் இருந்தாங்க இவ்ளோ நாளா?"

"ம்."

அவ்வளவுதான். கண் தட்டிலேயே இருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பேன். அவர் ஸ்பூனை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்துவார். லாரிக்காரர், "விடும்மா, சாப்பிட விடு" என்பார். விட்டால் நான் கத்தரியா? ஒரு வாரம் பிடித்துப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலைக்கனம் பிடித்தவர் என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்தேன். சொன்ன வேகத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

மேடம் நல்ல மாதிரி. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். எங்களுக்காக என்னென்னவோ பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். வாரம் ஒரு நாள் எங்களை எல்லாம் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார். அக்காவின் முறை வந்தது. எழுந்தார். அத்தனை ஜோடிக் கண்களும் அவர் முகத்தில் போய் நின்றன. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முந்தானையை, இல்லை, கையில் வைத்திருந்த துவாலையை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. தலைக்கனம் பிடித்தவர்கள் துவாலையை முறுக்க மாட்டார்கள்.

அன்றைக்கே மேடம் அவருடைய மகனுக்குப் போன் போட்டார். அம்மா யாருடனும் ஒட்டவில்லை, பேசுவதே இல்லை, நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் தேவலை என்று சொன்னார். மகன் பதறிவிட்டார். மாதக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன், வந்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில்தான் கண் டாக்டர் வந்தார். கீழ் வராந்தாவில் சுவரோடு சேர்த்துப் போட்ட பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "மூடிட்டு அப்படியே உக்காருங்க, திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணும் மூடி, வாயும் மூடி உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாத காரியம். என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எரியுதா? கொஞ்ச நேரந்தான். அப்புறம் சரியாயிடும்."

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. தெளிவு என்றால் தெளிவு. இளசா முதுசா என்று சொல்ல முடியாது. நர்ஸ் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"எரிச்சல் பரவால்லம்மா. சும்மா உக்காந்திருக்கிறதுதான் கஷ்டம்" என்றேன்.

"எனக்குப் பழக்கம். லைன் எல்லாம் அடங்கி இருக்கிற நேரத்துல இப்படித்தான் உக்காந்திருப்போம். ஒரு ஆளு வாராவாரம் வெளியூர்ல இருக்கிற அவங்கம்மாவுக்கு டிரங்க் கால் போடுவாரு. அந்த அம்மா எடுத்து 'நல்லா இருக்கியா'ன்னு கேப்பாங்க. இவரு 'நல்லா இருக்கேன், நீ?'ன்னு கேப்பாரு. 'நல்லா இருக்கேன்.' அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்கும். நேரம் முடிஞ்சா நான் கட் பண்ணணும். பண்ண மாட்டேன். எங்க வேலையில ரொம்ப அதிகமா கேட்ட பொய் இந்த 'நல்லா இருக்கேன்'தான்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். டாக்டராவது மருந்தாவது. எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, ஆனாலும் ஆள் தெரியாமல் போய்விடுமா. எக்ஸ்சேஞ்ச் அக்கா கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்த வாக்கில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்களா!" என்று அவர் பக்கம் முழுசாகத் திரும்பினேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். குழாயை மூடிய மாதிரி பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு வாய்தான் பெரிசு, மூளையும் கொஞ்சம் உண்டு. மெல்ல முன்பக்கம் திரும்பினேன். சுவரில் ஒரு சொட்டையான இடம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்? அந்த ஆளு என்ன ஆனாரு?" என்று கேட்டேன்.

அக்கா சொல்ல ஆரம்பித்தார். கண் டாக்டர் என் பேரைக் கூப்பிட்டதுகூட என் காதில் விழவில்லை.

விஷயம் பிறகுதான் விளங்கியது. எக்ஸ்சேஞ்சில் பெண்கள் தோளோடு தோள் இடிக்க வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். எல்லோருக்கும் எதிரே பலகை, அதில் நூற்றுக்கணக்கான துளைகள், விளக்குகள். தலையைத் திருப்பிப் பேசினால் பின்னால் நடந்துகொண்டிருக்கும் சூப்பர்வைசர் தோளைத் தட்டுவார். அதனால் கண் பலகையில், கை வயரில், வாய் மட்டும் பக்கத்து ஆளோடு. கல்யாணம், பிரசவம், மாமியார் சண்டை, சாவு, எல்லாவற்றையும் அப்படியே பேசித் தீர்த்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் போய் உட்கார்ந்தவர். ஓய்வு பெறும்வரை அவர் மனசுவிட்டுப் பேசிய யாருடைய முகத்தையும் பேசும்போது பார்த்ததில்லை. எதிரில் ஒரு முகம் வந்தாலே வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

"அப்ப போன்ல பேசலாமே அக்கா? அதுதானே உங்க தொழிலு" என்றேன், சுவரைப் பார்த்து.

"நான் லைன் குடுக்கிறவ. பேசுறவங்க வேற. குடுத்துட்டு வெளிய வந்துடணும். இப்பவும் ரெண்டு வார்த்தை பேசினதும் அடுத்தவங்க லைனுக்குக் காத்திருக்காங்கன்னு தோணும். பையன் கூப்பிட்டா நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, வெச்சிடறேன். அவ்ளோதான் வரும்."

மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு பலகை உண்டு, கழுவிய தட்டுகளை அடுக்கிவைப்பது. தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு நாற்காலிகளை அங்கே இழுத்துப் போட்டேன். ஜன்னல் வழியாகத் தெரிவது பக்கத்துக் கட்டிடத்தின் பின்சுவரும் அதில் ஓடும் குழாய்களும்தான். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிட்டோம். அக்கா பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. நான் பதில் சொல்ல இடம் தேட வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு நேர்ந்திராத அனுபவம் அது.

"ரெண்டு பேரும் பஸ்ல எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தார் லாரிக்காரர். வந்தவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கும் இதுதாம்மா சௌகரியம். மூஞ்சியப் பாத்துப் பேசிட்டிருந்தா எங்க வேலையில உயிரோட வீடு வந்து சேர முடியுமா? கிளீனர்கிட்ட பேசுறதுன்னாலும் ரோட்டப் பாத்துதான் பேசுவேன்" என்றார்.

தன் மனைவி இறந்ததைப் பற்றி அதுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவர். அன்றைக்குப் பக்கத்துக் கட்டிடத்தின் குழாயைப் பார்த்துக்கொண்டு முழுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு லாரியிலேயே கூட்டிப்போனது, பாதி வழியில் அந்த அம்மாள் மெதுவாகப் போங்கள் என்று கேட்டது, எல்லாம். அக்கா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இது வேறு "ம்". எங்களிடம் முன்னால் சொன்ன "ம்" இல்லை.

பல் டாக்டருக்கு மேஜையில் தனியாக உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. ரெண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அவரும் வந்தார். யார் வாயையும் பார்க்க முடியாமல் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பேச்சைக் குறைத்துக் கேட்க ஆரம்பித்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான்கு முதுகுகள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கேதான் வினை. மேடம் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தார். அக்கா சாப்பாட்டு மேஜையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்துவிட்டார் என்று மகனுக்கு இன்னொரு போன் போய்விட்டது. தட்டு வைக்க இடமில்லை என்று சமையற்கட்டுப் பெண்ணும் முணுமுணுத்தார். நாற்காலிகள் வட்ட மேஜைக்கே திரும்பிப் போயின.

நான் மேடத்தின் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வட்டமா உக்காந்தாதானே அம்மா எல்லாரும் பழகுவாங்க? எனக்குப் பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"வட்டமா உக்காரவெச்சப்ப என்னாச்சுன்னு நீங்களே பாத்தீங்க மேடம்."

அவர் யோசித்தார். நாற்காலியை வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மகன் நாளை வருகிறார், அழைத்துப் போவதா வேண்டாமா என்பது அவர் அம்மாவும் அவரும் பேச வேண்டியது, அதில் தான் தலையிட முடியாது என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

அன்று சாயங்காலம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா எங்களிடம் சொன்னார்:

"எனக்குப் போக இஷ்டமில்ல. மருமக தங்கம். குறையே சொல்ல முடியாது. ஆனா காலையில ரெண்டு பேரும் கிளம்பிப் போயிட்டாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் மட்டுந்தான். நானும் அதுவும்."

"அத உங்க பையன்கிட்ட சொல்லுங்க அக்கா."

"அவன் எதிர்ல வந்து உக்காந்து 'சொல்லும்மா'ன்னு கேப்பான். சின்ன வயசுலேருந்து அப்படித்தான் கேப்பான். எனக்கு வராது கத்தரி."

லாரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

மகன் வந்தார். ஐம்பது தாண்டியவர், களைத்த முகம். பார்வையாளர் அறையில் சின்ன மேஜைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் அவர். நான் தண்ணீர் கொண்டுபோகும் சாக்கில் உள்ளே நுழைந்தேன். மூக்கை நுழைக்கும் விஷயத்தில் எனக்கு வெட்கமே கிடையாது.

"தம்பி, அம்மா இங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க. எங்க எல்லார் கூடவும் நல்லாப் பேசுறாங்க" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. "அவங்க வாயால சொல்லட்டும்மா" என்றார். பிறகு முன்னால் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்கம்மா. இங்க இருக்கீங்களா, நம்ம வீட்டுக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

அக்காவின் உதடு அசைந்தது. நான் மனசுக்குள் அவரைப் பிடித்து உலுக்கினேன். துவாலை முறுக்கிக்கொண்டது.

"உன் இஷ்டம்பா" என்றார்.

மகன் பெருமூச்சு விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார். வாசலில் வாடகைக் கார் நின்றது. அக்கா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மகன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பக்கத்தில் ஏறினார். கார் தெருமுனை திரும்பி மறைந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடத்தின் மேல் கோபம் வந்தது, அந்த மகன் மேல் கோபம் வந்தது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத அக்கா மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் மூன்று பேரும் பலகையின் முன்னால் போய் உட்கார்ந்தோம். அக்காவின் நாற்காலி நடுவில் கிடந்தது. யாரும் அதைத் தள்ளிப் போடவில்லை. இந்த வயதில் இன்னொரு சிநேகிதம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, கிடைத்தது, மாதம் முடிவதற்குள் காரில் ஏறிப் போய்விட்டது. அழுதேன். லாரிக்காரர் குழாயைப் பார்த்துக்கொண்டு தன் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

தட்டுகளைக் கழுவும் சத்தம் ஓய்ந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. எதையோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுந்து போனேன்.

மகன் முதலில் இறங்கினார். கண் சிவந்திருந்தது. அம்மாவைக் கைபிடித்து இறக்கி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"கத்தரிங்கிறது நீங்கதானே?" என்று என்னைக் கேட்டார். "பாதி வழி உங்களப் பத்திதான் பேசினாங்க."

"பேசினாங்களா?"

"பெட்ரோல் பங்க் தாண்டுற வரைக்கும் சும்மா வந்தாங்க. அப்புறம் திடீர்னு ஆரம்பிச்சாங்க. முன்னால ரோட்டப் பாத்துக்கிட்டே. 'உன் வீட்டுல எனக்கு ரூம் இருக்குடா, பக்கத்துலதான் யாரும் இல்ல'ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. டிரைவர எங்கயும் நிக்காம சும்மா சுத்திட்டே இருங்கன்னு சொல்லிட்டேன். வண்டிய நிறுத்தினா பேச்ச நிப்பாட்டிடுவாங்களோன்னு பயம்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். வராந்தா பெஞ்ச் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பா இருந்தப்ப ஸ்கூட்டர்ல போவோம். நான் முன்னால நின்னுட்டு வருவேன். பின்னாலருந்து இவங்க குரல் கேட்டுட்டே வரும், வீடு வர்ற வரைக்கும் ஓயாது. அப்பா போன அப்புறம் ஸ்கூட்டரையும் வித்துட்டோம். அதுக்கப்புறம் அந்தக் குரல இன்னைக்குத்தான் கேக்குறேன். இவ்ளோ நாளா எங்கம்மாவுக்கு என்னப் பிடிக்காதுன்னே நெனச்சுட்டு இருந்தேம்மா."

பெஞ்சைக் காட்டி, "போய்ப் பக்கத்துல உக்காருங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போய் உட்கார்ந்தார். நான் அந்தப் பெஞ்சின் இந்த ஓரத்தில், பெட்டிக்குக் காவல் இருப்பது போல உட்கார்ந்துகொண்டேன். அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, காரில் விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

"உன்ன மொத நாள் ஸ்கூல்ல விட்டுட்டு நேரா டியூட்டிக்குப் போனேன். கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நீ அழுதுட்டு நின்ன. அன்னைக்குப் பூரா தப்புத் தப்பா லைன் குடுத்தேன்டா. யார் யாரோ யார் யார் கூடவோ பேசினாங்க. சூப்பர்வைசர் வந்து திட்டினாங்க. எனக்கு எதுவும் காதுல ஏறல, நீ அழுததுதான் கேட்டுட்டே இருந்துச்சு."

மகன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அக்கா மேலே என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்குக் கொள்ளை ஆசை. இருந்தாலும் எழுந்து, பெட்டியை அக்காவின் அறையில் வைக்க எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.